பேட்டரி வயரைக் கழற்றினால் மிஸ்ஃபயர் சரியாகிவிடுமா?

ஐப்பசி மழை பிடித்ததும் கும்பகோணம், மன்னார்குடிப் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு யோசனை சுற்றுகிறது: மிஸ்ஃபயரால், அதாவது ஒரு சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாமல், எஞ்சின் உதறி, செக் எஞ்சின் விளக்கு மின்னினால் பேட்டரி வயரைப் பத்து நிமிடம் கழற்றி மாட்டுங்கள், சரியாகிவிடும் என்று. தவறு.

விளக்கு அணையும்தான். வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவான பழுதுக் குறியீடு அழிவதால் அணைகிறது. பழுது அப்படியே இருக்கும். மெக்கானிக்குக் கிடைக்க வேண்டிய நல்ல துப்பை நாமே துடைத்துவிடுகிறோம், அவ்வளவுதான்.

ஸ்கேனரில் படிக்கும் அந்தக் குறியீடு பி0302 (P0302) என்றால் இரண்டாவது சிலிண்டரில் மிஸ்ஃபயர். ஸ்பார்க் பிளக்கின் மேலேயே, அதற்குத் தீப்பொறிக்கான மின்சாரம் தரும் காயில் உட்காரும் பெட்ரோல் கார் என்றால், எஞ்சின் ஆறியபின் அந்தக் காயிலையும் மூன்றாவது சிலிண்டரின் காயிலையும் இடம் மாற்றி மாட்டி, குறியீட்டை அழித்துவிட்டு, நின்ற இடத்திலேயே கொஞ்ச நேரம் ஓடவிட வேண்டும். பி0303 வந்தால் காயில்தான் குற்றவாளி. பழைய குறியீடே வந்தால் பிளக், அப்புறம் இன்ஜெக்டர் (பெட்ரோலைத் தெளிக்கும் பாகம்), கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் அழுத்தம்) என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். தேங்கிய தண்ணீரில் போன வண்டியா? முதலில் பிளக் குழிக்குள் ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள்.

விளக்கு மின்னும்போது தஞ்சாவூர் வரை ஓட்டிப் போய்விடலாம் என்று கிளம்பாதீர்கள். எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குள் போய் எரிந்து அதையும் பாழாக்கும். காயில் விலையைவிட அது பல மடங்கு.