மருந்தின் விலையைக் கேட்பது குற்றமா?

நேற்றும் அதே பதில்தான்: "காசு இல்லையெண்டால் பெரியாஸ்பத்திரிக்குப் போங்கோ." தனியார் வைத்தியரைப் பார்க்கச் சனல் காசை முன்கூட்டியே கட்டி, நம்பர் எடுத்து, மாலை முழுவதும் கதிரையில் காத்திருந்து உள்ளே போன ஒரு முதிய தாயிடம் வைத்தியர் சொல்லும் வார்த்தையா இது?

என் அம்மா கட்டணத்தில் கழிவு கேட்கவில்லை. சலரோகத்துக்கும் பிரசருக்கும் எழுதிய மருந்துத் துண்டை வாங்கிக்கொண்டு, "டொக்டர், இதிலை விலை குறைஞ்ச குளிசை ஏதும் இருக்கோ?" என்றுதான் கேட்டார். வைத்தியர் தலையை நிமிர்த்தவேயில்லை. அந்த ஒரு வரியைச் சொல்லிவிட்டு மணியை அழுத்தினார், அடுத்த நம்பர் உள்ளே வந்துவிட்டது. எழுந்திருக்கவே நேரமெடுக்கும் அம்மா, கைப்பையையும் பழைய ரிப்போட்டுகளையும் அள்ளிக்கொண்டு, தவறு செய்தவரைப்போல வெளியே வந்தார்.

சலரோகத்துக்கான மெற்போமினும் பிரசருக்கான லொசாட்டனும் நேற்றுக் கண்டுபிடித்த மருந்துகளல்ல. பல கம்பனிகள் செய்கின்றன; பெயருக்கேற்ப விலை மாறுகிறது. மருந்தைக் கம்பனிப் பெயரில் அல்லாமல் அதன் பொதுப்பெயரில் வாங்கி மலிவாகக் கொடுக்கவேண்டும் என்று போராடிய பேராசிரியர் சேனக பிபிலேயின் முயற்சியால், 1971 இல் அரச மருந்துக் கூட்டுத்தாபனம் உருவான நாடு இது. அந்த வரலாறு வைத்தியருக்குத் தெரியாதா? அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் கட்டணமின்றிப் படித்துத்தானே பெரும்பாலானவர்கள் வைத்தியரானார்கள். அந்தப் படிப்புக்கு அம்மா வாங்கிய சீனியில் அறவிட்ட வரியும் போயிருக்கிறது.

துண்டில் பொதுப்பெயரை எழுதி, இல்லாதவரிடம் காசே வாங்காமல் அனுப்பும் வைத்தியர்களும் யாழ்ப்பாணத்தில் இருக்கிறார்கள். அவர்களைக் கண்டிருப்பதால்தான் எனக்கு இவ்வளவு கோபம் வருகிறது.

பாமசி வாசலில் சற்று நேரம் நின்று பாருங்கள். ஒரு மாதத்துக்கு எழுதிய மருந்தைப் பத்து நாளுக்கு மட்டும் கேட்பவர்களையும், மொத்தக் கணக்கைக் கேட்டபின், "தம்பி, இதிலை எதை விட்டால் பரவாயில்லை?" என்று பாமசிப் பெடியனிடம் விசாரிப்பவர்களையும் காண்பீர்கள். எந்தக் குளிசையை நிறுத்தலாம், எதை நிறுத்தினால் உயிருக்கு ஆபத்து என்பதை, பல வருடம் படித்தவர் தன் மேசையிலேயே சொல்லியிருக்க வேண்டும். அதைச் சொல்ல அவருக்கு ஒரு நிமிடம்கூடப் போதும். அடுத்தமுறை அம்மாவுடன் நானும் உள்ளே போவேன், விலையை நானே கேட்பேன். அவர் மணியை அழுத்தினாலும் பதில் வரும்வரை கதிரையை விட்டு எழும்பமாட்டேன்.