கேட்காமல் அள்ளிப் போடுவது உதவி அல்ல

எல்லாரும் பகிர்ந்துகொண்டிருக்கும் அந்தக் காணொளியை நான் மறுபடியும் இங்கே போடப் போவதில்லை. கோலாலம்பூர் செந்தூலில், சாமான் அடைந்து கிடந்த ஒரு பெண்ணின் அடுக்குமாடி வீட்டைச் சிலர் ஒரே பிற்பகலில் கறுப்புப் பைகளில் அள்ளிக் காலிசெய்து படமெடுத்த காணொளி அது. நீங்கள் சுத்தம் செய்தவர்களைப் பார்த்தீர்கள். நான் மூலையில் நின்ற அந்தப் பெண்ணைப் பார்த்தேன். ஒவ்வொரு பை வெளியே போகும்போதும் அவர் கண் அதன் பின்னாலேயே போகிறது. “அக்கா, இப்போது சந்தோஷம்தானே?” என்று ஒரு குரல் கேட்கிறது. அவர் தலையாட்டுகிறார். அவர் முகத்தை மறைக்க வேண்டும் என்றுகூட யாருக்கும் தோன்றவில்லை.

கேட்காமல் அள்ளிப் போடுவது உதவி அல்ல. இந்த ஒரு வரியை எழுதியதற்குத்தான் நேற்று அத்தனை ஏச்சு வாங்கினேன். அதனால் இன்று விரிவாகவே எழுதுகிறேன்.

அந்தப் பெண்ணைச் சோம்பேறி என்றீர்கள். மூதேவி குடியிருக்கும் வீடு என்றீர்கள். தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பச் சொன்னவர் ஒருவர். அந்த ஊரின் மனநல மருத்துவமனை 1911-இல் திறக்கப்பட்டது. நூறு ஆண்டுகள் தாண்டியும் நம் ஆட்களுக்கு அது வசவாகவே இருக்கிறது. இந்தப் பயத்தில்தான் எத்தனையோ பேர் கிளினிக் வாசலைக்கூட மிதிப்பதில்லை.

வீடு இப்படி அடைசலாவதற்குப் பின்னால் மனச்சோர்வு இருக்கலாம். மனச்சோர்வு என்றால் அழுதுகொண்டே இருப்பது என்று நினைக்கிறீர்கள். தீராத அசதி, கவனம் நிற்காமை, முடிவெடுக்க முடியாமை ஆகியவையும் மருத்துவர்கள் பார்க்கும் அறிகுறிகள்தாம். வீட்டுச் சாமானை ஒழிப்பது முழுக்க முழுக்க முடிவெடுக்கும் வேலை. இந்த மின்கட்டண ரசீது இனித் தேவைப்படுமா? இந்தச் சட்டை பிள்ளைக்கு இன்னும் பிடிக்குமா? இந்த மூடி எந்த டப்பாவுடையது? ஒரே இழுப்பறைக்குள் இப்படி எத்தனை கேள்விகள்! நோய் எதைப் பறித்துக்கொண்டதோ அதையே இந்த வேலை கேட்கிறது. பதற்றமும் சேர்ந்துவிட்டால், வேண்டாத பொருளைத் தூக்கும்போதுகூட ‘நாளைக்கு வேண்டியிருந்தால்?’ என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

எனக்கு இது கேள்விப்பட்ட விஷயம் இல்லை. கெப்போங் வீட்டில் நான் எழுந்து நடமாடவே முடியாமல் கிடந்த காலத்தில், மருத்துவமனைக்குப் போயிருந்த நேரத்தில் என் அக்கா வந்து வீட்டை ஒழித்துவிட்டார். அன்பினால்தான் செய்தார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அம்மா ரப்பர் தோட்டத்தில் பால் மரம் சீவப் போகும்போது சாப்பாடு எடுத்துப்போன தூக்குச் சட்டியும் பழைய சாமான் லாரியில் ஏறிவிட்டது. அடி நசுங்கிய சட்டிதான். ஆனால் தோட்டத்தை மேம்பாட்டுக்கு விற்று எங்களை வெளியேற்றியபோது லாரியில் அம்மா மடியிலேயே வைத்துக்கொண்டு வந்த சட்டி அது. திரும்பி வந்து பார்த்தேன், வீடு பளிச்சென்று இருந்தது. அதன்பிறகு யார் மணி அடித்தாலும் நான் கதவைத் திறக்கவில்லை. அக்காவுக்கும் திறக்கவில்லை. சில மாதங்களில் முன்பைவிட அதிகமாகச் சாமான் சேர்ந்தது.

என்னை மீட்டவர் பக்கத்து வீட்டுக் காக் (மலாயில் அக்கா). மாலையில் வருவார். “இன்றைக்குத் தட்டுகள் மட்டும்” என்பார். அவர் கழுவ நான் துடைப்பேன். கொஞ்சம் தெளிந்த பிறகு ஒரு இழுப்பறையை வெளியே எடுத்து, ஒவ்வொன்றாகக் கையில் தூக்கிக் காட்டுவார். வேண்டாம் என்றால் பைக்குள் போகும். தெரியவில்லை என்றால் ஒரு பெட்டிக்குள் போகும். அந்தப் பெட்டியைத் தன் வீட்டில் வைத்துக்கொண்டார், எப்போது வேண்டுமானாலும் நான் போய்க் கேட்கலாம். எனக்கு மூச்சு வாங்கினால் தேநீர் போட்டுக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். மாதக்கணக்கில் ஆனது. காணொளி எடுக்க அதில் ஒன்றுமே இல்லை.

டெங்கி வராதா என்று கேட்டவர்களுக்குச் சொல்கிறேன். வரும். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக 7 முதல் 10 நாள் போதும். நோய் பரப்பும் பூச்சிகளை அழிப்பதற்கான 1975-ஆம் ஆண்டு மலேசியச் சட்டப்படி வீட்டில் கொசுப்புழு இருந்தால் அபராதமும் உண்டு. தேங்கிய நீரை அன்றைக்கே கொட்டுங்கள், கெட்டுப்போன உணவை எடுங்கள், நடைவழியை விடுவியுங்கள். இதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் அலமாரியில் மடித்திருந்த புடவைகளில் எந்தக் கொசு முட்டையிடும்? பிள்ளைகளின் பள்ளிப் படங்களில்?

சுத்தமான வீடு மனத்துக்கு நல்லது என்று ஆய்வே இருக்கிறதாம். இருக்கிறது, நானும் படித்தேன். லாஸ் ஏஞ்சலஸ் குடும்பங்களை வைத்து 2010-இல் வெளியானது. வீடு அடைசலாக இருப்பதாக விவரித்த மனைவியருக்கு, பகல் போகப் போகக் குறைய வேண்டிய கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் சரியாகக் குறையவில்லை. சரி. அடைசலால் மனம் கெட்டதா, மனம் கெட்டதால் வீடு அடைசலானதா என்பதை அது தீர்த்துச் சொல்லவில்லை. ஆள் இல்லாதபோது அள்ளிப் போடுங்கள் என்றும் அது சொல்லவில்லை.

“எங்கள் அம்மா எட்டுப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு தோட்டத்து லயத்து (வரிசை) வீட்டைக் கண்ணாடியாக வைத்திருந்தார்” என்கிறீர்கள். என் அம்மாவும்தான். இரவில் தூங்காமல் திண்ணையில் உட்கார்ந்திருந்த அவரிடம் என்ன ஆயிற்று என்று அந்த லயத்தில் ஒருவரும் கேட்டதில்லை. எனக்கு அதுதான் இன்றுவரை ஆறவில்லை. தீபாவளி திறந்த இல்ல உபசரிப்புக்கு வரிசையாக வருகிறோம், முறுக்கு நன்றாக இருந்தது என்கிறோம். அடுத்த வருடம் அந்த வீட்டுக் கதவு மூடியிருந்தால், அவளுக்குத் திமிர் என்று பேசிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போகிறோம். மலேசியாவின் 2023 தேசிய சுகாதார ஆய்வில் 16 வயதுக்கு மேற்பட்டோரில் ஏறக்குறைய 10 லட்சம் பேருக்கு மனச்சோர்வு இருப்பது தெரிந்தது. அவர்களில் நம் சித்தி இல்லையா? நம் மருமகள் இல்லையா?

அவர் சம்மதித்தார் என்று மட்டும் சொல்லாதீர்கள். வீடு நிறைய ஆட்களும் எதிரே கேமராவும் இருக்கும்போது எந்தப் பெண் வேண்டாம் என்பார்?

கிளினிக் போகத் தயங்குபவர்கள் சுகாதார அமைச்சின் 15555 எண்ணுக்கு அழைத்துப் பேசலாம். கெப்போங், செந்தூல் பக்கம் இருப்பவர்கள், வீட்டில் ஒரு கை வேண்டும் என்றால் எனக்குத் தனியாக எழுதுங்கள். சனிக்கிழமைப் பிற்பகல்களில் வர முடியும். தொலைபேசியை வாசலிலேயே அணைத்து வைத்துவிடுவேன். அன்று தட்டு மட்டும்தான் கழுவ முடிந்தது என்றால் தட்டைக் கழுவிவிட்டு வருவேன்.