பள்ளிக்கூடம் கட்டும் மின்வரியை வைத்து நாடுகளுக்கு மார்க் போடலாமா?

ஐரோப்பிய நாடுகளில் எரிசக்தி வரியை யார் எவ்வளவு கட்டுகிறார்கள் என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் புள்ளிவிவர அலுவலகமான யூரோஸ்டாட் துறைவாரியாகக் கணக்கு வெளியிடுகிறது. அதில் பொது நிர்வாகம், கல்வி, மருத்துவம் ஆகிய வரிசைகளைக் கூட்டி, எந்த நாட்டில் வரியில் அதிகப் பங்கை அரசே கட்டுகிறதோ அதுதான் பசுமை நாடு என்று சொல்லிவிடலாம். எனக்கு அதில் உடன்பாடில்லை.

முதலில் அந்த வரிசைகள் அரசைக் காட்டுவதே இல்லை. என்ன வேலை என்று பார்த்துப் பிரிக்கிறார்களே தவிர, யாருக்குச் சொந்தம் என்று பார்ப்பதில்லை. தனியார் மருத்துவமனையும் மருத்துவத்தில்தான் வரும். நகராட்சி பஸ் கம்பெனியின் டீசல் போக்குவரத்துக்குப் போய்விடும்.

சரி, அதை விடுங்கள். ஜெர்மனியைப் பார்ப்போம். அங்கே மின்வரி யூனிட்டுக்கு 2.05 சென்ட். 2024 முதல் உற்பத்தித் தொழில்களுக்குக் கழிவு போக 0.05 சென்ட்தான்; ஐரோப்பிய ஒன்றியம் தொழில்களுக்கு வைத்திருக்கும் அடிமட்டம் அது. பள்ளிக்கூடமும் நகராட்சி அலுவலகமும் முழுசாகக் கட்டுகின்றன, அதாவது 41 மடங்கு. தொழிற்சாலையின் பங்கு சரிந்தால் மற்றவர்களின் பங்கு தானாக ஏறும். இதற்கும் பசுமைக்கும் என்ன சம்பந்தம்? (இந்த வரியை 1999-இல் கொண்டுவந்ததே ஓய்வூதிய நிதிக்குக் கைகொடுக்கத்தான். பள்ளிக்கூடத்து கரண்ட் பில்லில் தாத்தா பாட்டிகளின் பென்ஷனும் இருக்கிறது!)

ஸ்வீடனிலும் கிட்டத்தட்ட இதே கதை. 2025-இல் தொழிற்சாலைக்கு யூனிட்டுக்கு 0.6 ஓரே (ஸ்வீடன் பணமான குரோனாவில் நூறில் ஒரு பங்கு), மருத்துவமனைக்கு 43.9 ஓரே.

அரசு அரசுக்கே கட்டும் வரிதானே, ஒரு பையில் எடுத்து இன்னொரு பையில் போடுவதுதானே என்று கேட்கலாம். இரண்டு பையும் ஒரே சட்டையில் இல்லை என்பதுதான் பிரச்சினை. ஸ்வீடனில் மருத்துவமனைகளை நடத்துவது ரீஜியன் எனப்படும் வட்டார நிர்வாகங்கள். அவை தங்கள் மக்களிடம் தனியாக வருமான வரி வசூலித்துச் செலவு செய்கின்றன. மின்வரியோ மத்திய கஜானாவுக்குப் போகிறது. உள்ளூர்க்காரர் மருத்துவத்துக்கென்று கொடுத்த காசில் ஒரு பகுதி சத்தமில்லாமல் மேலே ஏறிவிடுகிறது. ஐரோப்பிய அட்டவணையில் இது வெறும் "வருவாய்".

அரசு அலுவலகங்களுக்கு வரியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2003 ஆணை பொது நிர்வாகம், ஆம்புலன்ஸ், உள்ளூர் பஸ் எல்லாவற்றுக்கும் குறைந்த விகிதம் வைக்க இடம் கொடுக்கிறது. அந்தச் சலுகையைவிட, வரியை முழுசாக வாங்கி, எரிசக்தியை மிச்சம் பிடித்தவர்களுக்குக் கூடுதலாகத் திருப்பிக் கொடுப்பதே மேல். பிரிட்டனில் 2010-இல் பெரிய நிறுவனங்களையும் உள்ளாட்சிகளையும் சேர்த்துத் தொடங்கிய கார்பன் திட்டத்தில் முதலில் இருந்த ஏற்பாடு அதுதான். டன் கார்பன் டை ஆக்சைடுக்கு 12 பவுண்ட் வாங்குவது, சேமிப்பைப் பார்த்துத் திருப்பித் தருவது. அந்த அக்டோபரிலேயே புதிய அரசு, பணம் கஜானாவிலேயே இருக்கட்டும் என்று மாற்றிவிட்டது.