பக்கத்து ஊர் ஆகாது, டப்ளின் ஆகுமா?

டெக்சாஸில் ஃபோர்ட் வொர்த்தின் டிசியூவும் (டெக்சாஸ் கிறிஸ்டியன் பல்கலைக்கழகம்) டாலஸின் எஸ்எம்யூவும் (சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழகம்) ஆடிவந்த அமெரிக்கக் கால்பந்து ஆட்டம் நின்றுபோனதைப் பற்றி நான் எழுதியதற்கு, நேற்று நம் தமிழ்க் குழுவில் நடந்த கூத்தைப் பார்த்திருப்பீர்கள். "டிசியூ-எஸ்எம்யூ ஆட்டம் நின்றுபோனால் உங்களுக்கென்ன சார், நீங்கள் எந்தக் காலேஜ்?" என்று ஒரு தம்பி கேட்டார். அதற்குப் பதினேழு பேர் சிரிப்புப் பொம்மை போட்டிருந்தார்கள். ஆமாம், உட்கார்ந்து எண்ணினேன்.

நான் கோவில்பட்டிப் பக்கம் பாலிடெக்னிக் படித்தவன்தான். என் மகன் டிசியூ, மகள் எஸ்எம்யூ. போதுமா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஃபோர்ட் வொர்த்தும் டாலஸும் ஏறக்குறைய 30 மைல் தூரம். 1915-இல் தொடங்கி நூறு ஆட்டங்களுக்கு மேல் ஆடியிருக்கிறார்கள். ஜெயித்தவர்களுக்கு ஓர் இரும்பு வாணலி. டிசியூவின் சின்னம் கொம்புத் தவளை (உண்மையில் அது பல்லி இனம், விடுங்கள்). எதிரணி ரசிகர் ஒருவர் தவளைக்கால் வறுத்து வெறுப்பேற்றியதில் பிறந்த பரிசு என்பார்கள். 2025 செப்டம்பரோடு இந்த ஆட்டத்துக்கு மூடுவிழா. டிசியூவுக்குச் சொந்த மைதான ஆட்டங்களுக்கு அட்டவணையில் இடம் வேண்டுமாம். நியாயம்தான். ஆனால் அதே டிசியூ 2026 ஆகஸ்டில் நார்த் கரோலினாவோடு எங்கே ஆடுகிறது? அயர்லாந்தில், டப்ளினில்! கடல் தாண்டினால் இரு அணிக்கும் சொந்தமில்லாத பொதுமைதானம் இனிக்கிறது, பக்கத்து ஊர் என்றால் கசக்கிறது.

நான் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றுதான். பொதுமைதானத்தில் ஆடுங்கள். இரண்டு ஊருக்கும் நடுவே ஆர்லிங்டனில் ஏடி அண்ட் டி ஸ்டேடியம் இருக்கிறது. ஹூஸ்டன் நகரத்தின் ஹூஸ்டன், ரைஸ் பல்கலைக்கழகங்கள் அங்கேயே என்ஆர்ஜி ஸ்டேடியத்தில் மோதட்டும். ஒவ்வொரு செப்டம்பரும் டெக்சாஸுக்கென்று ஒரு தொடர். இது என் கற்பனை இல்லை. டெக்சாஸ், ஓக்லஹோமா பல்கலைக்கழக அணிகள் 1932 முதல் டாலஸ் காட்டன் பவுல் அரங்கத்தில்தான் ஆடுகின்றன. மைதானத்தின் நடுவே உள்ள 50 கஜக் கோட்டில் அரங்கம் இரண்டாகப் பிரியும். ஒரு பாதி ஆரஞ்சு, மறுபாதி சிவப்பு. யாரும் யாருக்கும் விருந்தாளி இல்லை.

"மாணவர்கள் எப்படிப் போவார்கள், ஆர்லிங்டனுக்கு ரயிலே கிடையாதே?" என்பீர்கள். உண்மைதான். அதை அந்த ஊர்க்காரர்களிடம் கேளுங்கள். "ஆர்கன்சாவும் டெக்சாஸ் ஏ அண்ட் எம்மும் அங்கேதானே ஆடின, 2024-க்குப் பிறகு ஏன் சொந்த வளாகத்துக்கே திரும்பின?" இதற்கு அப்புறம் பதில் சொல்கிறேன். இன்று மனசு சரியில்லை.

சென்ற செப்டம்பரில் நால்வரும் ஃபோர்ட் வொர்த் போனோம். மகளுக்கு வெளியூர்க்காரர் பகுதியில், உச்சி மூலையில் இடம். மகன் கீழே ஊதா நிறக் கூட்டத்துக்குள். நான் பையனோடு, என் மனைவி பெண்ணோடு. இடைவேளையில் போன் செய்து, "அவ அழறா, நீங்க அங்க கைதட்டாதீங்க" என்றாள். தட்டவில்லை. பக்கத்து இருக்கைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்து, நீங்கள் எங்கிருந்து வருகிறீர்கள் என்றார். டாலஸ் பக்கத்து இர்விங் என்றேன். இல்லை, உண்மையில் எங்கிருந்து என்றார்.

இருபத்து மூன்று வருடம் இங்கே வரி கட்டுகிறேன். அந்த வெள்ளைக்காரர் கேட்டதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். நம் ஆட்கள் அதையே தமிழில் கேட்கிறீர்கள் பாருங்கள்.

பிள்ளைகள் இப்போது எங்கள் பின்கட்டுப் புல்வெளியில் ஆடித் தீர்ப்பதாகப் பேசிக்கொள்கிறார்கள். பரிசுக்கு அம்மாவின் இரும்பு வாணலியைக் கேட்டிருக்கிறார்கள், அவள் இன்னும் சம்மதிக்கவில்லை. அந்தப் பதினேழு பேருக்கும் அழைப்பு கிடையாது.