போல்டரிங்: பாதி வேலை தரையில்தான்

போல்டரிங் என்பது கயிறில்லாமல் தாழ்ந்த பாறைகளில் ஏறும் விளையாட்டு. கயிறு கிடையாது, மலையுச்சி கிடையாது, நாலைந்து மீட்டர் உயரப் பாறைதானே, இதில் என்ன ஆபத்து இருந்துவிடப் போகிறது என்று கேட்பவர்கள் என் நட்பு வட்டத்தில் நிறையப் பேர். உள்ளரங்கச் சுவரில் சில காலம் ஏறிப் பழகிவிட்டு, அண்மையில் ஹம்பியில் வெளிப்பாறைகளில் போல்டரிங் செய்யத் தொடங்கியிருக்கும் ஒரு கற்றுக்குட்டி என்ற முறையில், என் கருத்து இதற்கு நேர் எதிரானது. கயிறு கட்டி ஏறுபவர் பிடி நழுவினால் பெரும்பாலும் கயிறு தாங்கிக்கொள்ளும். போல்டரிங்கில் பிடி நழுவும் ஒவ்வொரு முறையும் தரைக்குத்தான் வந்து சேர வேண்டும். ஆகவே இந்த விளையாட்டில் பாதி வேலையைப் பாறையைத் தொடுவதற்கு முன்பே தரையில் முடித்துவிட வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

ஹம்பியைச் சுற்றியுள்ள கருங்கல் ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன், நிலத்துக்கடியில் பாறைக்குழம்பு மெல்லக் குளிர்ந்து இறுகியதால் உருவானது. பிற்பாடு அதன் வெடிப்புகளில் நீர் இறங்கி, விளிம்புகளையும் மூலைகளையும் முதலில் சிதைத்ததால்தான், யாரோ அடுக்கி வைத்ததுபோல் இத்தனை உருண்டைப் பாறைகள் துங்கபத்திரையின் இரு கரையிலும் குவிந்து கிடக்கின்றன. மெல்லக் குளிர்ந்த கல் என்பதால் அதன் படிகங்கள் பெரியவை. விரல் வைத்துப் பார்த்தால் பெல்ட்ஸ்பார், குவார்ட்ஸ் என்னும் கனிமங்கள் தனித்தனியாகத் துருத்திக்கொண்டு நிற்பது தெரியும். காலணியின் ரப்பர் அதில் அருமையாகப் பற்றும் என்பது உண்மைதான், ஆனால் அதே சொரசொரப்பு அரை நாளில் விரல்நுனித் தோலை உரித்துவிடும். வெயிலேறிய கல்லில் கை வியர்த்து வழுக்கும் என்பதால், குளிர்காலத்திலும் அதிகாலையிலும் மாலையிலும்தான் பெரும்பாலோர் ஏறுகிறார்கள்.

உள்ளரங்கத்தில் மஞ்சள் பிடியைப் பிடி, அடுத்த மஞ்சளுக்குப் போ என்று நிறமே வழி சொல்லிவிடும். பிரான்சின் ஃபோன்டென்ப்ளோ காட்டிலாவது மணற்பாறைகளில் வண்ண அம்புக்குறிகள் வரைந்து வைத்திருக்கிறார்கள். ஹம்பியில் அதை எதிர்பார்க்க முடியாது. எது பிடி, எது வெறும் நிழல் என்பதை நாமே கண்டுபிடிக்க வேண்டும். அனுபவசாலிகள் பாறைக்கு வந்ததும் காலணியை மாட்டுவதில்லை. முதலில் பாறையைச் சுற்றி ஒரு நடை நடக்கிறார்கள். ஏற வேண்டிய முகத்தைவிடப் பின்பக்கத்தைத்தான் கூடுதல் நேரம் பார்க்கிறார்கள், ஏனென்றால் இறங்கும் வழி அங்கேதான் இருக்கும். ஏறுவது சுலபம், இறங்குவதுதான் கடினம் என்ற நிலையில் எத்தனையோ பாறைகள் இருக்கின்றன. கடினத்தைக் குறிக்க அமெரிக்க வழக்கில் வி0, வி1 என்று தொடங்கி மேலே செல்லும் ஓர் அளவுகோல் இருக்கிறது. அது ஏறும் அசைவுகளின் கடினத்தை மட்டுமே சொல்லும், இறக்கத்தைப் பற்றியோ கீழே கிடக்கும் கூர்ங்கல்லைப் பற்றியோ எதுவும் சொல்லாது. தொடக்கநிலையில் இருப்பவர்கள் எண்ணைப் பார்த்துப் பாறையைத் தேர்ந்தெடுப்பது எனக்கு உடன்பாடில்லை. தட்டையான மணல் தரையும் எளிய இறக்கமும் உள்ள பாறைதான் அவர்களுக்கு ஏற்றது.

அடுத்தது கிராஷ் பேட். மேலே கெட்டியான நுரையும் கீழே மெத்தென்ற நுரையும் சேர்த்துத் தைத்த, சுமார் பத்து சென்டிமீட்டர் தடிமன் கொண்ட இந்த மெத்தையை எங்கே போடுவது என்பதே ஒரு கலை. நேர் கீழே போட்டுவிட்டால் போதும் என்று தோன்றும். ஆனால் பக்கவாட்டில் எட்டிப் பிடிக்கும்போது நழுவினால் உடல் ஊசலாடி வேறிடத்தில்தான் விழும். எந்த அசைவில் நழுவ வாய்ப்பு அதிகமோ அதைக் கணித்துப் போட வேண்டும். இரண்டு மெத்தைகள் சேரும் இடைவெளியில் கால் விழுந்தால் கணுக்கால் பிசகிவிடும். ஸ்பாட்டிங் செய்பவர், அதாவது கீழே கை தூக்கி நிற்பவர், விழுபவரைத் தாங்கிப் பிடிப்பதற்காக நிற்கவில்லை. இடுப்பருகே தள்ளி அவரை மெத்தைப் பக்கம் திருப்பிவிடுவதும், தலை கல்லில் மோதாமல் காப்பதும்தான் அவர் வேலை. கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒட்டி வைத்துக்கொள்ளாவிட்டால் முதலில் உடைவது அவருடைய விரல்தான். விழுபவரும் முழங்காலை மடக்கி, இரு பாதத்திலும் இறங்கி, பின்னால் உருண்டுவிட வேண்டும். பதற்றத்தில் கையைப் பின்னால் ஊன்றினால் மணிக்கட்டு போய்விடும். ஏறுவதற்கு முன் தாழ்ந்த உயரத்திலிருந்து வேண்டுமென்றே குதித்துப் பழகுவதைப் பார்ப்பவர்கள் சிரிக்கலாம், சிரித்துவிட்டுப் போகட்டும்.

இவ்வளவுக்கும் காரணம் பாறையின் உச்சியில்தான் இருக்கிறது. உள்ளரங்கில் கடைசிப் பிடியைத் தொட்டதும் பெரும்பாலும் கதை முடிந்துவிடும். வெளியிலோ, உருண்டையான விளிம்பின் மேல் உடலை ஏற்ற வேண்டும். பிடிக்க ஒன்றும் இருக்காது, உள்ளங்கையைக் கீழ்நோக்கித் திருப்பி அழுத்தி, குதிகாலை விளிம்பில் போட்டு, கிணற்றிலிருந்து சுவர் மேல் ஏறி வருவதுபோல மெல்ல எழ வேண்டும். மேன்டில் எனப்படும் இந்த அசைவை, தரையிலிருந்து மிக அதிக உயரத்தில், கை தளர்ந்திருக்கும் நேரத்தில் செய்ய வேண்டியிருக்கிறது. இதை இடுப்பளவுப் பாறையில் முன்கூட்டியே பழகாமல் மேலே போவது என்னைப் பொறுத்தவரை வீண் துணிச்சல்.

தரை வேலையில் இன்னொன்றும் அடங்கும்: இந்தப் பாறையில் ஏறலாமா என்று கேட்டுக்கொள்வது. ஹம்பி 1986 முதல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியக் களம். வெளியே சாதாரணக் கல் போலத் தெரியும் பாறையின் ஓரத்தில் வரிசையாகச் சதுரக் குழிகள் இருந்தால், அவை விஜயநகரக் கல்தச்சர்கள் ஆப்பு அடித்துக் கல் பிளக்க வெட்டியவை. அவற்றைக் கால்வைக்கும் படியாக நினைக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனேகுந்திப் பக்கத்தில் பாறை ஒதுக்குகளில் வரலாற்றுக்கு முற்பட்ட ஓவியங்களும் உண்டு. கை வியர்வைக்குப் பூசும் மக்னீசியம் கார்பனேட் தூள் அப்பிய கையையும், பாறையைத் தேய்க்கும் பிரஷ்ஷையும் அவற்றின் அருகே கொண்டுபோகவே கூடாது. பாதுகாக்கப்பட்ட சின்னங்களைச் சேதப்படுத்துவது 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் என்பது ஒருபுறம் இருக்கட்டும், ஏற எத்தனையோ வேறு பாறைகள் இருக்கும்போது அதற்குத் தேவையே இல்லை. அங்கும் ஏறி முடித்ததும் வெள்ளைத் தடங்களை மென்மையான பிரஷ்ஷால் துடைத்துவிட்டு வர வேண்டும். கம்பி பிரஷ் கல்லையே அரித்துவிடும்.

போக விரும்புபவர்களுக்கு ஒரு செய்தி. முன்பு ஏறுபவர்கள் தங்கிவந்த விருபாபுர கட்டேயின் விடுதிகள், உச்ச நீதிமன்றத் தீர்ப்பையடுத்து 2020இல் இடிக்கப்பட்டுவிட்டன. இப்போது சணாப்பூர்ப் பக்கம்தான் விசாரிக்க வேண்டும்.

நம் ஊரில் பாறைக்கா பஞ்சம் என்று கேட்கிறார்கள். பஞ்சமில்லைதான். ஆனால் மதுரையைச் சுற்றியுள்ள குன்றுகளில் சமணப் படுக்கைகளும் தமிழி (தமிழ் பிராமி) பொறிப்புகளும் இருக்கின்றன, வேறு பல குன்றுகள் காப்புக்காட்டுக்குள் வருகின்றன. தொல்லியல் துறையையும் வனத்துறையையும் கேட்காமல் மெத்தையைத் தூக்கிக்கொண்டு போய்விட முடியாது. அனுமதி உள்ள இடத்திலும், ஏறத் தொடங்குவதற்கு முன் அங்கே ஆடு மேய்ப்பவரிடம் ஒரு வார்த்தை பேசிவிடுவது நல்லது; எந்தப் பாறையில் மலைத்தேனீ கூடு கட்டியிருக்கிறது, எந்த இடுக்கில் பாம்பு கிடக்கும் என்பது அவருக்குத்தான் தெரியும்.