அந்த டியூபைத் தொடாதீங்கன்னு எத்தன தடவதான் சொல்றது

ராணி எறும்பு வளக்க என்னய்யா வேணும்? ஒண்ணும் வேணாம். ஒரு டெஸ்ட் டியூப், அடியில கொஞ்சம் தண்ணி, தண்ணி தாண்டி வராம இருக்க ஒரு பஞ்சு, நடுவுல ராணி, டியூப் வாயில இன்னொரு பஞ்சு, இருட்டுல ஆடாம வெச்சுட்டு மறந்துடணும், அவ்ளோதான். சோம்பேறிங்களுக்குன்னே செஞ்ச ஹாபி. ஆனா தண்டையார்பேட்டையில, ரெண்டு ரூம் வீட்டுல, வர்றவன் போறவன் எல்லாம் சொந்தக்காரன்னு இருக்கற எடத்துல "மறந்துடணும்"ங்கறது நடக்கற காரியமா சொல்லுங்க.

மழை விட்ட சாயங்காலம் மாடியில டியூப்லைட் கீழ கெடச்ச கட்டெறும்பு ராணி அது, நல்ல குண்டு, ரெக்கைய அதுவே உதுத்துட்டு தரையில சுத்திக்கிட்டு இருந்துச்சு. பக்கத்து வூட்டு அக்கா பாத்துட்டு "இன்னாப்பா ஈசல புடிச்சு வெச்சிருக்க"ன்னாங்க. அக்கா, ஈசல் கரையான் சாதி, கரையான் கரப்பான்பூச்சிக்கு சொந்தம், இது வேற குடும்பம்னு சொன்னா "எல்லாம் பூச்சி தான"ன்னு போயிட்டாங்க. சரி போகட்டும், அவங்களாச்சும் டியூபைத் தொடல.

வீட்டுல இருக்கறவங்க தொடறாங்களே! பீரோவுல துணிக்கு நடுவுல வெச்சா "புடவ எடுக்கணும்"னு டமால்னு கதவ சாத்தறாங்க. பரண் மேல வெச்சா தம்பி ஏறி எடுத்து ஃபோன் டார்ச் அடிச்சு வீடியோ எடுக்கறான். சிவப்பு வெளிச்சம் எறும்புக்கு சரியா தெரியாதுன்னு சிவப்பு கண்ணாடி பேப்பர் சுத்தி வெச்சேன், அத்தை பொண்ணு அதப் பிரிச்சு மூஞ்சியில வெச்சுக்கிட்டு "அண்ணா எல்லாம் செவப்பா தெரியுது"ங்குது. குட்டிய திட்டவும் முடியல.

சித்தப்பா இன்னும் மோசம். டியூபை கையில எடுத்து, காய்ச்சல் மருந்து பாட்டில் குலுக்கற மாதிரி ஒரு குலுக்கு குலுக்கி "உயிரோட கீதா"ன்னு கேக்கறாரு. யோவ், குலுக்கினா எங்க யோவ் இருக்கும்! பயந்துச்சுன்னா போட்ட முட்டைய அதுவே தின்னுடும். போன வாரம் வெள்ளையா ஒரு சின்ன குவியல் இருந்துச்சு, இப்ப அதுல பாதிதான் தெரியுது, அதுக்கு மேல உத்துப் பாக்கவும் எனக்கு தைரியம் இல்ல ஏன்னா நான் எடுத்துப் பாத்தாலும் அது ஆட்டந்தான்.

அப்புறம் இந்த "சாப்பாடு போட்டியா" கோஷ்டி. ஐயோ ராமா. அதுக்கு இப்ப சோறே வேணாங்க. கட்டெறும்பு ராணி வாசல அடைச்சுக்கிட்டு உக்காந்துரும், பறக்கறதுக்குன்னு ஒடம்புல இருந்த சதையும் கொழுப்பும் இனி தேவையில்லன்னு தானே கரைச்சு, அதுலேந்துதான் மொதல் புழுக்களுக்கு ஊட்டும். மொதல் வேலைக்கார எறும்புங்க வர ஒரு மாசத்துக்கு மேலயே ஆகும், அதுங்களும் குட்டியூண்டாத்தான் இருக்கும். வெளிய போயி எர தேடிக்கிட்டே குஞ்சு வளக்கற ராணிங்களும் இருக்கு, அதுங்களுக்கு தீனி வெக்கணும், இல்லன்னு சொல்லல, ஆனா இது அந்த சாதி இல்ல. இத எல்லாம் வெளக்கி முடிக்கறதுக்குள்ள அம்மா பஞ்சை எடுத்துட்டு உள்ள சக்கரைய கொட்டியாச்சு. "பாவம்டா, வாயில்லா ஜீவன்." அந்த ஈரத்துல சக்கர பூஞ்ச புடிச்சா ராணிக்குத்தான் ஆபத்துன்னு பதறிப்போயி டியூப் மாத்த வேண்டியதாச்சு, மாத்தறதும் ஒரு அதிர்ச்சி தான அதுக்கு!

ஆயா சைடுல இருந்து வேற தாக்குதல். வீட்டுக்குள்ள எறும்பு வளக்கறத அது ஒத்துக்கவே இல்ல, பரணச் சுத்தி எறும்பு சாக்பீஸால கோடு போட்டு வெச்சிருக்கு. அதுல இருக்கறது பூச்சி மருந்து ஆயா! அத்தைக்கோ ஒரே கவல, "ஜோடி எங்கடா இதுக்கு?" ஜோடி செத்துப்போச்சு அத்தை, ஆண் எறும்புக்கு கல்யாணம் முடிஞ்சா கத முடிஞ்சுது, அந்த ஒரு வாட்டி வாங்குன விந்த வயித்துல சேத்து வெச்சுக்கிட்டு இது ஆயுசு பூரா முட்ட போடும். ஆயுசுன்னா லேசுல இல்ல, ஐரோப்பாவுல லேசியஸ் நைகர்னு ஒரு கருப்பு எறும்பு, அதோட ராணி வளப்புல 28 வருஷத்துக்கு மேல இருந்துச்சாம். இதச் சொன்னதுதான் தாமதம், "அப்ப உனக்கு கல்யாணம் ஆகி நீ போனாலும் இத நாங்கதான் பாக்கணுமா"ன்னு அம்மா ஆரம்பிச்சுட்டாங்க.

வீட்டுக்காரங்கள சமாளிச்சாலும் ஏரியாவ என்ன பண்றது? ஹார்பர் பக்கம் போற கன்டெய்னர் லாரி ஒண்ணு பள்ளத்துல எறங்கி ஏறுச்சுன்னா செவுத்துல மாட்டின காலண்டரே ஆடுது. தெருவுல யாராவது தவறிட்டா மேளமும் சரவெடியும் சேந்து தரையே அதிரும், அதுக்கு யாரையும் குத்தம் சொல்ல முடியாது, போனவங்கள அப்படித்தான் அனுப்பணும். அதனால டியூபுக்கு அடியில பழைய ஸ்பாஞ்ச மடிச்சு வெச்சிருக்கேன். லாரிய தாங்குது ஸ்பாஞ்சு, சித்தப்பாவ தாங்கல.

வாரத்துக்கு ஒரு வாட்டி நான் மட்டும் பாப்பேன், வேற யாரும் வேணாம். வேலைக்கார எறும்புங்க வந்ததும் நானே கூப்புடறேன், அன்னிக்கு சக்கரத் தண்ணி ஒரு சொட்டு, செத்த கொசு ஒண்ணு, அம்மா கையாலயே போடட்டும். அதுவரைக்கும் பரணுக்கு பூட்டு, சாவி என் இடுப்புல. சித்தப்பா, இதப் படிச்சீங்கன்னா ஞாயித்துக்கிழம வர்றப்ப மீன் மட்டும் வாங்கிட்டு வாங்க, பரண் பக்கம் வராதீங்க.