வரைபடத்தில் வெறுமையாக விடப்பட்ட இடம்

ஓர் உயிரினத்தின் பரவல் வரைபடத்தைப் பார்க்கும் பலர், வண்ணம் தீட்டிய பகுதியில் அது வாழ்கிறது என்றும் வெறுமையான பகுதியில் வாழவில்லை என்றும் எடுத்துக்கொள்கிறார்கள். முதலாவதை ஓரளவு நம்பலாம். ஆபத்து இரண்டாவதில்தான் இருக்கிறது. தேடியும் கிடைக்காத இடமும் யாருமே தேடிப் போகாத இடமும் அங்கே ஒரே மாதிரிதான் தெரிகின்றன.

1938இல் தென்னாப்பிரிக்கக் கடலில் சிக்கிய சீலகாந்த் மீன், ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் மேற்கு இந்தியப் பெருங்கடலுக்கே உரியதாகக் கருதப்பட்டது. 1997இல் இந்தோனேசியாவின் சுலாவேசித் தீவில், ஒரு மீன் சந்தையில் அதன் நெருங்கிய உறவினம் தென்பட்டது. அப்பகுதி மீனவர்கள் அதை முன்பே அறிந்திருந்தார்கள், அறியாதிருந்தது வரைபடம்தான்.

தரவு பெருகினால் இந்தக் குறை தீர்ந்துவிடும் என்பதை நான் ஏற்கவில்லை. எந்த உயிரினம் எங்கே காணப்பட்டது என்ற பதிவுகளை உலகெங்கிலுமிருந்து திரட்டும் ஜிபிஐஎஃப் (GBIF) என்ற, 2001இல் தொடங்கப்பட்ட தரவுத்தளத்தில் இன்று 200 கோடிக்கும் மேற்பட்ட பதிவுகள் உள்ளன. ஆனால் அவை சாலையோரங்களிலும் நகரங்களின் அருகிலும் குவிந்திருக்கின்றன. எல்லா உயிரினங்களையும்விடப் பறவைகளுக்கே அவற்றில் பெரும்பங்கு. ஓர் உயிரினத்தைப் பிடித்த இடத்துக்குப் பதிலாக, அதன் உடலைப் பாதுகாக்கும் அருங்காட்சியகத்தின் இருப்பிடம் பதிவாகிவிடுவதும் உண்டு. காணப்பட்ட இடங்களை மட்டுமே சொல்லும் இத்தகைய பதிவுகளைக் கொண்டு, உயிரினம் எங்கெல்லாம் வாழக்கூடும் என்று கணிக்கும் கணினி மாதிரியை உருவாக்கும்போது, உயிரினம் விரும்பும் இடத்தை அது கற்றுக்கொண்டதா, மனிதர்கள் எளிதில் போய்வரும் இடத்தைக் கற்றுக்கொண்டதா என்று பிரித்தறிவது கடினம்.

தேடிப் போன இடத்திலும் உறுதி கிடைப்பதில்லை. ஒருமுறை சென்றால் கண்ணில் படும் வாய்ப்பு 30 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், அங்கேயே வாழும் உயிரினத்தை மூன்று முறை சென்றும் காணாமல் திரும்புவதற்கு 34 சதவீத வாய்ப்பு இருக்கிறது.

ஆகவேதான், எந்த இடத்தை எவ்வளவு குறைவாக அறிந்திருக்கிறோம் என்று காட்டும் ‘அறியாமை வரைபடம்’ ஒன்றும் பரவல் வரைபடத்தோடு சேர்ந்தே வேண்டும் என்று டுச்சியோ ரொக்கினியும் சக ஆய்வாளர்களும் 2011இல் வாதிட்டதை நான் முழுமையாக ஆதரிக்கிறேன். ஐயத்தை வெளிப்படையாகச் சொன்னால், காட்டை அழிக்க விரும்புவோருக்கு அது வசதியாகிவிடும் என்று சிலர் அஞ்சுகிறார்கள். என் பார்வையில், வெறுமையான பகுதியைக் காட்டி ‘இங்கே எதுவும் இல்லை’ என்று சொல்லும் வசதி அவர்களுக்கு இப்போதே இருக்கிறது. அந்த இடத்தில் கடைசியாக எப்போது, எத்தனை முறை, எந்த முறையில் தேடினார்கள் என்பதும் வரைபடத்திலேயே இருந்தால், அப்படிச் சொல்பவரிடம் ஆதாரம் கேட்க முடியும்.